குழாய் மாட்டி இறுக்கிய நிப்பிள்

மாப்ளே,

காலையில் நம் பட்டறைக்குப் புதிதாக வந்த ஒருத்தன் சட்டையைப் பிடித்துவிட்டேன். பிரேக்கில் காற்று எடுக்கும் நிப்பிளை மாற்றச் சொன்னால், சின்ன ஸ்பேனரின் வாலில் இரும்புக் குழாயை மாட்டிக்கொண்டு நிற்கிறான். நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் பெல்ட் வேலை பார்த்துவிட்டு வந்தவன். அங்கே போல்ட்டை அப்படித்தான் ஏறி மிதித்து இறுக்குவார்கள். அங்கே கான்ட்ராக்டில் இருந்தபோது நீயும் நானும் செய்ததுதானே! ஆனால் விரல்கட்டை அளவு நிப்பிள் அதைத் தாங்குமா? பிரேக் ஆயில் நெடி மூக்கில் ஏறியதும் எனக்கு உன் ரத்தம்தான் ஞாபகம் வந்தது.

அன்றைக்கும் இதே கூத்து. கம்மாபுரத்துப் பெண்களை வேலைக்கு ஏற்றிவந்த வேன் நம் பட்டறை வாசலில் நின்றது. பிரேக் பெடலை மிதித்தால் தரையைத் தொட்டது. குனிந்து பார்த்தால், நிப்பிள் கசிகிறதென்று வேன்காரனே குழாய் மாட்டி இறுக்கியிருக்கிறான். மரை போய், நிப்பிள் பாதியில் முறிந்து, ஆயில் கொட்டிக்கொண்டிருந்தது.

"ஒழுகுனா இறுக்கிக்கினே போவக் கூடாதுய்யா! கழட்டிப் பாக்கணும். நிப்பிள் உக்கார்ற எடத்துல தூசி இருக்கும். தொடச்சிட்டு, கையால திருப்பி, ஸ்பேனர்ல லேசா ஒரு புடி. அவ்ளோதான்" என்று கத்தினாய்.

"பாடம் எடுக்காத. ஷிப்ட்டுக்கு நேரமாச்சி. ஹேண்ட் பிரேக்க புடிச்சிக்கினு ஓட்டிக்குவேன்" என்றான் அவன்.

நீ சாவியைப் பிடுங்கினாய். அவன் ஜாக்கி ராடை எடுத்து உன் தோளில் அடித்தான், விலாவில் அடித்தான், கடைசியில் மண்டையில். நான் பாய்ந்து அவன் கையைச் சதை பிய்யக் கடித்தேன். கீழே விழுந்தும் நீ சாவியை விடவில்லை. இறங்கிய பெண்கள் உன்னைத்தான் வைதார்கள். "இன்னிக்குக் கூலி போச்சே, நாசமாப் போறவனே!"

அந்த அடியிலிருந்து நீ எழவே இல்லை. கேஸ் இழுத்துக்கொண்டே போகிறது, அவன் ஜாமீனில் திரிகிறான். அவனைக் கடைத்தெருவில் பார்த்தால் அடித்துக் கொன்றுவிடலாம் போல எனக்குக் கை துடிக்கிறது. சொல்ல வெட்கமில்லை.

உன்னை எடுத்த அன்று, வைதவர்களில் ஒருத்தி வந்தாள். "ஏண்ணா, ஒரு வேனுக்காவா உசுர உட்டாரு?" என்றாள்.

"வேனுக்கு இல்லம்மா" என்றேன். புரிந்ததும் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

இப்போது அவர்களுக்கு வேறு வேன். தினமும் காலையில் நம் வாசலைத்தான் தாண்டிப் போகிறது. கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டு நிமிர்ந்து, ஜன்னல் ஜன்னலாக முகங்களைப் பார்க்கிறேன். எல்லாரும் இருக்கிறார்கள், மாப்ளே.