கூப்பிடாமலே வந்தவர்

வெள்ளி, இரவு

மருத்துவமனையின் ஸ்கேன் படங்களைச் சேமிக்கும் மெஷினை வாங்கியபோது, கண்காணிப்புச் சேவைக்குத் தனிக் கட்டணம், விருப்பமிருந்தால் கட்டலாம் என்றார்கள். நான்தான் பிடிவாதம் பிடித்துக் கட்ட வைத்தேன்.

இன்று மெஷினை விற்ற கம்பெனியின் இன்ஜினியர் தானாக வந்து நின்றார். "ஒரு டிஸ்க் போகப்போவுதுனு உங்க மெஷினே எங்களுக்குச் சொல்லிடுச்சு மேடம்."

மெஷின் ஓடும்போதே, படங்கள் பதிவாகியிருக்கும் அந்த டிஸ்க்கை உருவிப் புதியதைச் செருகினார். படங்கள் போய்விடுமோ என்று அடுத்த அறையை எட்டிப் பார்த்தேன். அங்கே, படகில் மண்டை அடிபட்ட லைட்ஹவுஸ் குப்பத்துக்காரரின் ஸ்கேனை டாக்டர் பார்த்துக்கொண்டிருந்தார். படம் சற்றும் அசையவில்லை.

வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். "நோவு வர்றதுக்கு முன்னாடியே வைத்தியரக் கூப்ட்டுச்சா?" என்று வாயைப் பிளந்தார்.

"ஆமா நைனா."

"அந்த மெஷினுக்கு இன்னா பேரு வெச்சிருக்கீங்க?"

பெயர் வைக்க எங்களுக்குத் தோன்றவே இல்லை.