பசை இறுகும்வரை

அக்டோபர் 6, திங்கள்

இன்றும் என் வீட்டுக்காரர் வண்டி எடுக்கவில்லை. வீட்டை ஒட்டிய காலி மனையில், முன்கண்ணாடி முழுக்க விரிசலோடு லாரி நிற்கிறது. போன மாதம் வண்டலூர் பக்கம், முன்னால் போன ஜல்லி லாரியிலிருந்து ஒரு கல் தெறித்து அடித்தது. இவருக்குப் புருவத்தில் கீறல்தான், அதுவும் ஆறிவிட்டது. கேட்டால், "கண்ணாடி வரணும்ல" என்கிறார். எங்கிருந்து வரும்? கண்ணாடிக் கடைக்கு ஒரு போன்கூடப் போடவில்லை.

எங்களுக்குத் தீபாவளிக்கு முந்திய நாட்கள்தான் வருஷமே. குரோம்பேட்டை ஜவுளிக் கடைகள் சரக்கு ஏற்ற லாரி தேடுகின்றன. இவர் ஹாலில் உட்கார்ந்து, விளம்பரத்தைக்கூட விடாமல் டிவி பார்க்கிறார்.

அக்டோபர் 9, வியாழன்

நானே கடைக்குப் போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை இங்கேயே வந்து மாட்டித் தருவார்களாம். இவரிடம் சொன்னேன். "சரி" என்றார். சந்தோஷப்பட்ட மாதிரி தெரியவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

கடையிலிருந்து ஏகநாதன் என்பவரும் இன்னொருவரும் வந்தார்கள். பழைய கண்ணாடியின் ஓரத்தில் கம்பியை விட்டு, ஆளுக்கு ஒரு முனையாக இழுத்து அறுத்தார்கள். சட்டத்தைச் சுரண்டித் துடைத்தார்கள். சுற்றிலும் கறுப்புப் பசை வைத்து, புதுக் கண்ணாடியை மெல்லத் தூக்கி உட்காரவைத்து, ஓரமெல்லாம் டேப் ஒட்டினார்கள். நான் டீ போட உள்ளே போனபோது ஏகநாதன் இவரிடம் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் மாமியார் ஆரம்பித்தார். "நாளிக்கு அஷ்டமி. அடிபட்ட வண்டி. இன்னிக்கே எலுமிச்சம்பழம் வெச்சு ஏத்திடணும்."

கற்பூரம் காட்டி, சக்கரங்களுக்கு அடியில் பழம் வைத்தாயிற்று. இவர், "இடுப்பு வலிக்குது, நீ எடுடா" என்று தன் தம்பி தீனாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டார். தீனாவுக்கு எதையும் மெதுவாகச் செய்யத் தெரியாது. வண்டி மனைப் பள்ளத்தில் இறங்கிக் குலுங்கி ஏறியது. இறங்கியவன் கதவைப் படாரென்று சாத்தினான். மாமியாருக்கு நிம்மதி. இவர் மட்டும் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அக்டோபர் 15, புதன்

அஷ்டமி, நவமி என்று இரண்டு நாள் போயிற்று. நேற்று ராத்திரி நல்ல மழை. காலையில் பார்த்தால் டிரைவர் சீட் ஊறிக் கிடக்கிறது. கண்ணாடி ஒரு பக்கம் விரல் அகலத்துக்கு இறங்கியிருக்கிறது.

"இந்த வண்டி நமக்கு ஒத்துக்கல, வித்துடு" என்றார் மாமியார். இவர் உடனே தலையாட்டினார். இதில் மட்டும் என்ன வேகம்?

அக்டோபர் 16, வியாழன்

ஏகநாதன் வந்தார். பசையைத் தொட்டுப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "யார் வண்டிய நவுத்துனது?"

எலுமிச்சம்பழத்தைச் சொன்னேன்.

"அக்கா, மறுநாள் காலைல வரிக்கும் வண்டி அசையவே கூடாது, கதவக்கூட மெதுவா சாத்தணும்னு அண்ணாகிட்ட தெளிவா சொன்னேனே."

இவர் பக்கத்தில்தான் நின்றார், தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு.

அப்படியென்றால் தெரிந்தே — பழம் வைக்கும்போதும், தீனா சாவியைத் திருப்பும்போதும் — ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தாரு?

கத்த வேண்டும் என்றுதான் சமையலறைக்குக் கூப்பிட்டேன்.

"நவுத்துனா போயிடும்னு தெரியும் கீதா. போவட்டும்னுதான் நின்னுகினு இருந்தேன்." புருவத் தழும்பைத் தடவிக்கொண்டே, "கண்ண மூடுனா அந்தக் கல்லு வருது. அந்த சீட்டுல குந்த முடியல. பயமா கீது."

இந்தச் சொல்லை இவர் வாயில் நான் கேட்டதே இல்லை. கோபம் வரவில்லை. பாவமாக இருந்தது. இத்தனை நாள் பக்கத்திலேயே படுத்திருக்கிறேன், என்னிடம் சொல்லவில்லையே என்று வருத்தமாகவும் இருந்தது. "வித்துடலாமா?" என்று நானே கேட்டேன்.

அக்டோபர் 17, வெள்ளி

மறுபடி அறுத்து, மறுபடி பசை வைத்தார்கள். ஏகநாதன் போனதும் மாமியார் தட்டோடு வந்துவிட்டார். தீனா சாவிக்குக் கை நீட்டினான். இவர் சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"நாளிக்குக் காலைல பண்ணிக்கலாம்மா. இன்னிக்கு நவுத்தக் கூடாது."

"வெள்ளிக்கெழமைடா."

"பரவால்லம்மா."

மாமியார் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போனார். சாப்பிடும்போது இவர் தட்டில் இன்னொரு அப்பளம் வைத்தேன்.

அக்டோபர் 18, சனி

பூஜை ஆயிற்று. ஓட்டியது தீனாதான். கண்ணாடி அசையவில்லை.

அக்டோபர் 22, புதன்

தீபாவளி முடிந்தது. ஜவுளிச் சரக்கெல்லாம் வேறு யார் யாரோ ஏற்றிவிட்டார்கள். ஒரகடத்திலிருந்து தாம்பரத்துக்கு இன்று ஒரு லோடு, தீனா போவதாகப் பேச்சு. காலையில் வண்டிச் சத்தம் கேட்டது. வாசலுக்கு வந்து பார்த்தால் தீனா பல் தேய்த்துக்கொண்டு நிற்கிறான். இவர் செருப்பைத் தேடினேன், வாசலில் இல்லை.

மத்தியானம் போன் வந்தது. படப்பைக்குப் பக்கத்தில் இருக்கிறாராம்.

"முன்னாடி ஒரு ஜல்லி லாரி போவுது. ஓரங்கட்டிட்டேன்."

"சரி."

"அது போவட்டும்."

"போவட்டும்."

வைத்துவிடுவார் என்று பார்த்தேன். வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். போனில் பஸ் ஹாரன் கேட்டது, இவர் மூச்சு விடுவது கேட்டது. வெகுநேரம் கழித்து, "எடுக்கறேன்" என்றார்.