கம்பளிக் குல்லா

12.8.2006, சனி

என் வீட்டுக்காரவங்க தூங்கிட்டாங்க. எனக்குத்தான் தூக்கம் வரல.

பெரம்பலூர்ல பஸ்ஸைவிட்டு இறங்கும்போதே காதை மூடிக் கம்பளிக் குல்லா. சளின்னாங்க. நாலு நாளாச்சு, ஒரு தும்மல்கூட இல்ல, குல்லாவையும் கழட்டல.

துபாய்ல இவங்க சமைச்சுப் போடுறது ஒரு சண்டைக்காரனுக்காம். செச்சன்யாக்காரன். சாயங்காலம் அவன் சிடியைப் போட்டுக் காட்டினாங்க. கம்பிக் கூண்டுக்குள்ள ஒருத்தனைக் கீழே தள்ளி, மேல உட்கார்ந்து குத்துறான்.

"முன்னாடி மல்யுத்தம் பண்ணினவன், புள்ள. கூண்டுக்குள்ள மொத சண்டையிலயே தோத்தான். அப்புறம் எவனாலயும் சாய்க்க முடியல"ன்னு, சொந்தத் தம்பி மாதிரி பெருமை.

எனக்கு அவன் காதுதான் கண்ணுல பட்டுச்சு. மடல் பணியாரமா உப்பிக் கிடந்துச்சு. தரையில கட்டிப் புரண்டா அப்படி ஆகுமாம். அதைச் சொல்லும்போதே குல்லாவை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கிட்டாங்க.

"நாளைக்கு நீங்களே பிரியாணி போடுங்களேன்"ன்னு கேட்டுப் பார்த்தேன். "அரிசிக்குத் தண்ணி எவ்வளவு வைக்கணும்?"னு என்னையே கேக்குறாங்க.

மஃரிபு தொழுகைக்கு அப்புறம் அவங்க நெத்தியில ஒரு கொசு. அடிக்கக் கையை ஓங்கினேன். சட்டுனு தாடையை நெஞ்சோட ஒட்டி, ரெண்டு முஷ்டியையும் முகத்துக்கு முன்னால கொண்டுவந்துட்டாங்க. நான்னு தெரிஞ்சதும் மெதுவா இறக்கினாங்க.

அடுப்படியில நிக்கிற ஆளை யாரு அடிக்க ஓங்குறா? அவன் இத்தனை சண்டை ஜெயிச்சானே, அதுக்கு முன்னாடி யாரை அடிச்சுப் பழகினான்?

இப்போ புரண்டு படுத்ததுல குல்லா நழுவிடுச்சு. விளக்கை அந்தக் காதுப் பக்கம் திருப்ப எனக்குத்தான் கை வரல.