நப்தலின் மணத்த சட்டை

கொட்டாஞ்சேனை,
ஞாயிறு காலமை.

அன்பு மகள் யூஜினாவுக்கு,

ஆண்டவர் புண்ணியத்திலை அம்மாவும் நானும் சுகமாயிருக்கிறம். நீயும் மருமகன் றேமண்டும், பிறந்து பன்னிரண்டு நாளான என்ரை பேத்தியும் அப்படியே இருக்கவேணுமெண்டு இண்டைக்குப் பூசையிலை கேட்டுக்கொண்டு வந்தனான். நீ அனுப்பச் சொன்ன உன்ரை ஞானஸ்நானச் சட்டை இந்தப் பார்சலுக்குள்ளை இல்லை மகள். ஏனெண்டு போனிலை சொல்ல வாய் வரேல்லை, அதுதான் எழுதுறன்.

கீழ்வீட்டு நதீஷாவை உனக்குத் தெரியும்தானே, உன்ரை கலியாணத்துக்குச் சாறி கட்டிவிட்ட சிங்களப் பிள்ளை. அவளின்ரை மூண்டு மாசப் பெடியனுக்குப் போன மாசம் ஞானஸ்நானம். நான்தான் பெரிய மனிசன் மாதிரி உன்ரை சட்டையையும் அதோடை கிடந்த போர்வையையும் எடுத்துக் குடுத்தன். பூச்சி அரிக்காமலிருக்க வருசாவருசம் நான் நப்தலின் உருண்டை போட்டுவைச்ச பெட்டி அது. தோய்ச்சுக் குடுப்பம் எண்டு அம்மா சொன்னவ, லேஸ் கிழிஞ்சுபோகும் எண்டு நான் விடேல்லை. நதீஷா மூண்டு நாளா அந்தப் போர்வையிலையே பிள்ளையைச் சுத்திப் படுக்கவைச்சிருக்கிறாள். நாலாம் நாள் பிள்ளை வெளிறி, கண் மஞ்சளாகி, மூத்திரம் பால் விடாத பிளேன்ரீ நிறத்திலை போகுது எண்டு அழுதுகொண்டு ஓடிவந்தாள். புருசன் கப்பல் வேலை, நான்தான் ஓட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனன்.

அங்கை டொக்டர் அம்மா புது மருந்து குடுத்தியளோ, எண்ணெய் பூசினியளோ, உடுப்புக்கு நப்தலின் போடுறனீங்களோ எண்டு ஒவ்வொண்டாக் கேக்க, இவள் இல்லை இல்லை எண்டு தலையாட்டுறாள். பின்னாலை நிண்ட எனக்கு அந்தப் பெட்டி ஞாபகம் வந்திட்டுது. பேசாமல் நிண்டிருந்தால் ஒருத்தருக்கும் தெரிஞ்சிராது. "டொக்டர், அந்தப் போர்வையைக் குடுத்தது நான்" எண்டு சொல்லிப்போட்டன். அவ என்னை ஏசேல்லை. சில பிள்ளையளின்ரை இரத்தத்துக்குப் பிறவியிலையே அந்த மணம் நஞ்சு, சிவப்பணு உடைஞ்சுபோகும், காரணம் தெரிஞ்சது நல்லது எண்டு சொன்னவ. இரத்தம் ஏத்தி, ஐஞ்சு நாளாலை வீட்டுக்கு விட்டினம். அந்த ஐஞ்சு நாளும் நதீஷா என்ரை முகத்தைப் பாக்கேல்லை. அவளிலை பிழை சொல்ல ஏலாது.

வாட்டிலை இருந்த நேர்ஸ் சொன்னது, பிறந்த பிள்ளைக்கு மணக்கிற சாமான் ஒண்டும் தேவையில்லையாம். பவுடர் வேண்டாம், கொலோன் வேண்டாம், மணமில்லாத சவுக்காரம் கொஞ்சம் போதும், கடையிலை வாங்கின உடுப்பையும் ஒருக்காத் தோய்ச்சுத்தான் போடவேணும். அதாலை அம்மா ஆறு வெள்ளைப் பருத்திச் சட்டை தைச்சு, ரெண்டுதரம் அலசி வெயில்லை காயவைச்சு அனுப்புறா. பார்சல் சின்னனா இருக்கு எண்டு றேமண்ட் வீட்டுக்காரர் நினைச்சாலும் பரவாயில்லை.

நேற்றுக் காலமை நதீஷா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தாள். கிளினிக்கிலை நம்பர் துண்டு எடுக்கவேணும், வரும்வரைக்கும் அங்கிள் வைச்சிருங்கோ எண்டு சிங்களத்திலை சொன்னாள். குளிச்சிட்டு நான் கழுத்திலை பவுடர் போட்டிருந்தனான், அதை ஈரத்துணியாலை நல்லாத் துடைச்சுப்போட்டுத்தான் கையை நீட்டினன். அவள் திரும்பி வரும்வரை பிள்ளை என்ரை தோளிலைதான் நித்திரை.

மாதாவின்ரை காவல் உங்கள் மூண்டு பேருக்கும் இருக்கட்டும். மறக்காமல் உங்கடை டொக்டரிட்டை சிவப்பணு உடையிற அந்தக் குறை இருக்கோ எண்டு பாக்கிற இரத்தப் பரிசோதனை பிள்ளைக்கும் தேவையோ எண்டு கேள். நீயும் நேரத்துக்குச் சாப்பிடு.

உன்னை எப்பவும் நினைக்கிற அப்பா,
சவுந்தரநாயகம்