அர்த்தம் வராத வார்த்தை

இன்றைக்கு விழுப்புரம் ஆஸ்பத்திரியில் கண்ணைக் காட்டிவிட்டுத் திரும்பும்போது, ரயிலில் உன் வார்த்தையை இன்னொருத்தி வாயில் கேட்டேன் பாப்பா. எதிர் சீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற இரண்டு பெண்கள். ஒருத்தி அதைச் சொன்னாள். மற்றவள், "அப்டின்னா இன்னாடி?" என்றாள்.

பதில் விழுவதற்குள் காதைப் பொத்திக்கொண்டு கதவருகே போனேன். வண்டி நின்றதும் மயிலத்திலேயே இறங்கிவிட்டேன். நம் ஊர் திண்டிவனம் அடுத்த ஸ்டேஷன் என்று தெரிந்தேதான் இறங்கினேன்.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது உன் அம்மா. எனக்கு எழுத்து ஏது? காதில் விழுந்தது மட்டும் மறக்காது. அதற்குத்தானே என்னைப் பிடித்தாய். பேங்க் பரீட்சையில் ஒவ்வொரு தடவையும் இங்கிலீஷ்தான் உன் காலை வாரியது. "படிச்சா மறந்துபூடுது நைனா. நீ வச்சிக்கோ, நான் உங்கிட்டருந்து எடுத்துக்கறேன்" என்றாய்.

காலையில் விழுப்புரம் கோச்சிங்குக்கு வண்டி ஏறும்போது ஒரு வார்த்தை தருவாய். அர்த்தம், சாயங்காலம் நீ இறங்கியதும்தான். "அதுவரைக்கும் நீயே யோசிச்சினு இரு." கடலை மண்டியில் மல்லாட்டை மூட்டை தூக்கிக்கொண்டே யோசிப்பேன். 'ஃப்ரூகல்' என்றால் காய்ச்சல் மாத்திரை என்று அடித்துச் சொன்னேன். பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்து சிரித்தாய். "ஒண்ணையும் வீணாக்காம இருக்கறது நைனா. அம்மா கத்திரிக்கா காம்பக்கூட கொழம்புல போடுதே, அது." 'ரெலக்டன்ட்' என்றால் மனசில்லாமல் செய்வது. "குளிக்கச் சொன்னா நீ எழுந்து போவியே, அந்த மாதிரி." ஞாயிற்றுக்கிழமை நான் கேட்பேன், நீ சொல்ல வேண்டும். தடுமாறினால் காம்பு என்பேன். உடனே பிடித்துக்கொள்வாய்.

கடைசியாகத் தந்தது கஷ்டமான வார்த்தை. வண்டி நகர்ந்த பிறகும் கதவில் நின்று இன்னொரு தடவை சொன்னாய். சாயங்கால வண்டியில் மற்றவர்கள் எல்லாரும் இறங்கினார்கள். விழுப்புரத்தில் ரோட்டைக் கடக்கையில் உன்மேல் லாரி மோதியதை யாரோ ஃபோனில் சொன்னபோது, அந்த வார்த்தையைத்தான் வாய்க்குள் சொல்லிக்கொண்டு நின்றேன்.

இப்போதும் பொழுது சாய்ந்தால் அது வந்துவிடும். சோற்றில் கை வைத்திருப்பேன். காதோரம் உன் குரல், வார்த்தை மட்டும். யோசித்து வைத்த அர்த்தங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்ப்பேன். ஆமாம் என்றும் வராது, இல்லை என்றும் வராது. வேறு யாரையும் நான் கேட்கவில்லை. கேட்டுவிட்டால் அந்தச் சாயங்காலம் முடிந்துபோகும். நீ இறங்கி வர வேண்டிய வண்டியே இல்லாமல் போகும்.

அம்மா பேனாவை வைத்துவிட்டாள்.

"யோவ், எங்கிட்டயாச்சும் அத சொல்லு. போன்ல போட்டா ஒடனே வந்துரும். எத்துக்கு இப்டி மூடி வச்சினு இருக்கிற?"

"வேணாம். வுடு."

"அவ எனக்கும் பொண்ணுதான்யா."

அந்த வார்த்தையை அவளிடம் சொன்னேன். அவள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். ஃபோனைக் கையில் எடுத்தாள். வார்த்தையை அதில் போடாமலே கவிழ்த்து வைத்தாள்.

"இன்னாவா இருக்கும்யா?" என்றாள்.

பிறகு பேனாவை எடுத்து இதையும் எழுதினாள். வெளியே இருட்டிக்கொண்டு வருகிறது பாப்பா. இரண்டு பேரும் யோசித்துக்கொண்டிருக்கிறோம்.