கல்வாழை மகரந்தத்தின் அடியில் ஓர் ஊசித்துளை

அன்பு சலீமுக்கு,

நீ இறந்த நாற்பதாம் நாள் ஓதிய பாத்திஹாவுக்குப் போயிருந்தேன். எங்கள் கல்லூரி முதல்வரும் வந்திருந்தார். பிரியாணி பிரமாதம் என்றார். அன்று கண்காட்சியில் என்னைக் கேலி செய்த அதே வாய்.

ஆறு வருடத்துக்கு முன் எங்கள் கல்லூரியின் தாவரவியல் கண்காட்சிக்காக மகரந்த மணிகளைப் பந்தளவில் உன் செராமிக் பட்டறையில் செய்யச் சொன்னேன். நெல்லுக்கு ஒரு துளை. செம்பருத்திக்கு உடம்பெல்லாம் முள்ளும் துளையும். கல்வாழைக்கு மட்டும் துளையே கூடாது, இயற்கையில் அதற்குக் கிடையாது.

"மாப்ள, உள்ள இருக்கற காத்து போவ வழியில்லன்னா சூளையில வெடிச்சிரும்டா. மண்ணு பச்சையா இருக்கும்போதே ஓட்ட வுடணும்" என்றாய்.

"இது உன் பொம்ம இல்லடா, சயின்ஸு. சொன்னதச் செய்யி."

"செரிங்க வாத்தியாரே!" என்று கும்பிட்டாய்.

கண்காட்சியில் முதல்வர் கல்வாழை மணியைத் திருப்பிப் பார்த்தார். அடியில் ஊசித்துளை. "ஓட்டையே இல்லன்னீங்க? உங்க பாடத்துலதான் ஓட்ட போலிருக்குது!" மாணவர்கள் சிரித்தார்கள். ஓரமாக நின்ற நீயும் சிரித்தாய்.

"இனிமே என் மூஞ்சில முழிக்காத" என்றேன். ஆறு வருடம் ஒரே ஊரில் முழிக்காமல் இருந்தோம். செல்போன் வாங்கியதும் உன் நம்பரைத்தான் முதலில் ஏற்றினேன். அழுத்தவில்லை. நீயாவது அழுத்தியிருக்கலாம் இல்லையா?

நீ போன மறுவாரம் வேறொரு பட்டறையில் துளையில்லாமல் ஒரு பந்து செய்யச் சொன்னேன். வெடித்தது. "யாரு சார் இப்பிடிச் செய்யச் சொன்னது?" என்று கேட்டான் சூளைக்காரன். காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

வருடா வருடம் வகுப்பில் நான் சொல்வதுதான்: மகரந்தத்தில் துளையைப் பின்னால் யாரும் குத்துவதில்லை. நான்கு மணிகள் ஒரே உறைக்குள் ஒட்டிக்கிடக்கும் இளம் பருவத்திலேயே அதற்கான இடம் குறிக்கப்படுகிறது. பிறகு எழும் வெளிச்சுவர் அந்த இடத்தை விட்டுவிட்டுத்தான் எழுகிறது. மகரந்தக்குழாய் பிற்பாடு அதன் வழியாக வெளியே வருகிறது. நீ சொன்னதும் இதைத்தானே? எனக்கு ஏன் கேட்கவில்லை?

கல்வாழைக்குத் துளை தேவைப்படாததற்குக் காரணம், அதன் வெளிச்சுவர் இருக்கிறதா என்று சந்தேகப்படும் அளவுக்கு மெல்லியது என்பதுதான். களிமண்ணில் விரல் தடிமனுக்குச் சுவர் கேட்டுவிட்டுத் துளை கூடாது என்றவன் நான். படித்தவன்.

மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. துளைக்காக இருந்த கோபம் போய்விட்டது. நீ சிரித்ததற்கான கோபம் அப்படியே இருக்கிறது.

ஆனால் ஒன்று செய்வேன். வரும் வகுப்பில் நீ செய்த அந்தக் கல்வாழைப் பந்தைத் தலைகீழாக, துளை மேலே தெரியும்படிதான் மேஜைமேல் வைப்பேன். இந்தத் துளை கல்வாழையுடையதில்லை, சலீமுடையது என்று சொல்வேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

இன்னும் கோபத்தோடு,
உன் மாப்ள