அவர் யாரிடமெல்லாம் சொன்னார்

மண்டி மொஹல்லா, மைசூரு
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ஜீவிதாவுக்கு,

அண்ணி பஞ்சவர்ணம் எழுதுவது. நானும் தமிழ்ப்ரியாவும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. குவைத்தில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் கேட்டால் நீ அழுதுவிடுவாய். நான் கேட்க வந்ததை விட்டுவிட்டு உன்னைத் தேற்றிக்கொண்டிருப்பேன். உன் அண்ணனின் காரியத்துக்கு நீ வந்திருந்தபோதும் அப்படித்தான் ஆனது.

ப்ரியா மறுபடியும் காலேஜுக்குப் போகிறாள். வீட்டுக்கு வந்ததும் அப்பாவின் ஸ்வெட்டரைப் போட்டுக்கொள்கிறாள். துவைக்க எடுத்தால் பிடுங்கிக்கொள்கிறாள். நானும் விட்டுவிட்டேன்.

காரியத்தன்று வாசலோரம் நின்று, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாளே ஒரு பெண், உனக்கு நினைவிருக்கும். யாரென்று கேட்டேன். ஃபேக்டரி ஆட்கள் யாராவது இருக்கும் என்று சொல்லி என்னை உள்ளே கூட்டிப்போனாய். அவசரமாகக் கூட்டிப்போனாய் என்று இப்போது தோன்றுகிறது.

அவள் பெயர் மல்லம்மா. நஞ்சன்கூட்டில் அவர் வேலை பார்த்த ஃபேக்டரியின் கேன்டீனில் சமைக்கிறவள். புருஷன் இல்லை. செவ்வாய்க்கிழமைகளில் ஓவர்டைம் என்று சொல்லி உன் அண்ணன் தாமதமாக வருவார். கூட வேலை பார்த்த பசவராஜ் துக்கம் விசாரிக்க வந்தபோது, செவ்வாய்க்கிழமை ஓவர்டைமே கிடையாதே என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார். சொன்னதும் காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. செத்த மனுஷனைச் சந்தேகப்படுகிறாயே என்று என்னையே திட்டிக்கொண்டேன். திட்டிக்கொண்டே அவர் சட்டைகளை மோந்து பார்த்தேன்.

போன வாரம் ரயிலேறி நஞ்சன்கூடு போனேன். காரியத்தில் அழுத பெண் யாரென்று ஃபேக்டரி வாசலில் விசாரித்தேன், கேன்டீனைக் காட்டினார்கள். என்னைப் பார்த்ததும் அக்கா என்று அவள் கையைப் பிடித்தாள். உதறிவிட்டேன். உனக்கும் அவருக்கும் என்ன என்று நேராகவே கேட்டேன். கன்னடமும் தமிழும் கலந்து சொன்னாள். காளி அண்ணா கேன்டீன் பின்பக்கம் போய் வாந்தி எடுப்பதை அவள்தான் முதலில் பார்த்தாளாம். செவ்வாய்க்கிழமைகளில் ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போனாளாம். வயிற்றில் கட்டி, முற்றிவிட்டது என்று டாக்டர் சொன்னபோது பக்கத்தில் இருந்தது அவள். வீட்டில் சொல்லுங்கள் அண்ணா என்று கெஞ்சினாளாம். பஞ்சு தாங்கமாட்டாள் என்றாராம்.

நான் கட்டிக்கொடுத்த சோற்றை வேறு யாருக்காவது கொடுத்துவிட்டு, அவள் கரைத்துத் தந்த மோர்க்கஞ்சியைக் குடிப்பாராம். காலி டப்பாவைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன், ஜீவிதா. மறுநாள் இன்னும் கொஞ்சம் அதிகமாக வைத்தேன்.

வேறெதுவும் இல்லை என்று கோயில் பக்கம் திரும்பிச் சத்தியம் செய்தாள். நம்பினேன். நம்பியும் ஆறவில்லை. வேறு மாதிரி உறவாக இருந்திருந்தால் கத்திச் சண்டை போட்டுத் தலைமுழுகியிருப்பேன். சாகப்போவதை அவளிடம் சொல்லிவிட்டு என்னிடம் கேஸ் ட்ரபிள் என்றார். அவர் பயந்து உட்கார்ந்திருந்தபோது தண்ணீர் கொடுத்தது அவள். அது எனக்கு உரியதில்லையா? தாங்கமாட்டேன் என்று எதைப் பார்த்து முடிவு செய்தார்? உன் அம்மா படுக்கையில் கிடந்தபோது தாங்கினேன். என் முதல் பிள்ளை வயிற்றிலேயே போனபோதும் தாங்கினேன்.

கிளம்பும்போது, வேறு யாருக்காவது தெரியுமா என்று கேட்டேன். அவள் தரையைப் பார்த்தாள். குவைத்துத் தங்கையிடம் ஒருமுறை ரொம்ப நேரம் போனில் பேசினார், என்ன பேசினார் என்று தெரியாது என்றாள்.

நீ நர்ஸ். தீபாவளிக்கு வீடியோ காலில், அண்ணன் இளைத்துவிட்டாரா அண்ணி என்று கேட்டாய். வாக்கிங் போகிறார் என்றேன். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். உடனே நெட் சரியில்லை என்று வைத்துவிட்டாய். அன்று நெட் நன்றாகத்தான் இருந்தது.

உனக்குத் தெரிந்திருந்தால், தெரியும் என்று ஒரு வரி எழுது. அவருக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தாலும் எழுது. சண்டைக்கு வரமாட்டேன். என்னைப் பற்றி என்ன சொன்னார் என்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். தெரியாது என்று எழுதினால், நம்பப் பார்க்கிறேன்.

ட்யூட்டி ட்யூட்டி என்று சாப்பிடாமல் இருக்காதே. பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். நீ நூறு வயது இருக்க வேண்டும். உனக்கு எங்காவது வலித்தால், எந்நேரமானாலும், முதலில் என்னிடம் சொல்.

உன் அண்ணி,
பஞ்சவர்ணம்